முக்கூர்த்தியின் புல்வெளி

நீலகிரியின் மேற்கோரத்தில், 1982-இல் சரணாலயமாகவும் 1990-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட முக்கூர்த்திப் பிரதேசத்திலே, சரிவெங்கும் புல்லும், மலை மடிப்புகளிலே குட்டை மரங்கள் நெருங்கிய சோலைக்காடும் மாறி மாறி அமைந்திருக்கக் காண்போர், மரமில்லாத அப்புல்வெளியை வெறும் தரிசென்று எண்ணிவிடுதல் சகஜம். உண்மை வேறு. பருவமழையைப் புல்லின் அடர்ந்த வேர்கள் ஏந்தி மண்ணுக்குள் இறக்க, சோலையின் மக்கிய சருகும் மரப்பட்டையில் பஞ்சென ஒட்டிய பாசியும் அந்த ஜலத்தைத் தேக்கிச் சிறுகச் சிறுகக் கசியவிடுவதனாலேயே, கோடையிலும் ஓடைகள் பைக்காரா முதலிய ஆறுகளைப் போஷிக்கின்றன. அப்புல்லை மேய்ந்தே ஜீவிப்பது நம் மாநில விலங்காகிய வரையாடு. செங்குத்தான பாறை விளிம்பிலே தாயின் பின்னே குட்டியும் தடுமாறாமல் இறங்குகிற அழகைப் பார்க்க வேண்டும்! ஆனால், விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாக ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்து நட்ட சீகை மரம் பல்கிப் பெருகி, புல்வெளியைக் கபளீகரம் செய்து வருகிறது. அதன் நிழலிலே பழைய புல் தழைப்பதில்லை. புல் குறைய வரையாட்டுக்கு மேய்ச்சல் குறையும், வரையாடு குறையச் சிறுத்தைக்கு இரை குறையும். மரம் நடுவதே எங்கும் வனசம்ரக்ஷணை என்னும் எண்ணம் இங்கே பொருந்தாது. அந்நிய மரங்களை அகற்றிப் பூர்விகப் புல்லை மீட்கும் பணி நடைபெறுகிறது. மண்ணில் புதைந்த சீகை விதைகள் பல ஆண்டுகள் உயிர்த்திருந்து முளைப்பதால், அது ஒரு பருவத்தில் முடிவதன்று.