பிளேன்ரீ குடித்துக்கொண்டே ஒரு பிளேன்

கராஜ் கதவு முழங்கால் உயரத்துக்குத்தான் திறந்தது. "குனிஞ்சு வாங்கோ தம்பி. முழுக்கத் திறந்தா தெருவே உள்ளுக்கு வந்திடும்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். மார்ச் மாதத்துப் பனிச்சேற்றில் ஒரு முழங்காலை ஊன்றி, தவழாத குறையாக நுழைந்து நிமிர்ந்தேன். என் தலைக்கு மேலே ஓர் ஆகாயவிமானத்தின் விலா எலும்புகள்!

இடம் புரோசார்ட். மொன்றியலிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வருகிற ஊர். இங்கே ஒவ்வொரு வட்டாரத்திலும் தெருப்பெயர்கள் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும். எந்த எழுத்து என்று சொன்னால் பாதி முகவரியைச் சொன்ன மாதிரி ஆகிவிடும், அதனால் நான் வாய் திறக்கப்போவதில்லை. வீட்டுக்காரரின் பெயரும் கிடையாது. அது அவர் போட்ட நிபந்தனை. "நாளைக்கு இது எழும்பாட்டி, நான் பிறகு முருகன் கோயில் தேருக்குப் போகேலாது. சனம் கதைச்சே கொன்றுபோடும்." ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க அவர் வெறும் அண்ணை. லோங்குவேய் பக்கத்து ஆலை ஒன்றில் முப்பது வருடம் லேத் பிடித்து ஓய்வுபெற்றவர். அவர் மனைவி, அக்கா.

வாருங்கள், சப்பாத்தைக் கழற்ற வேண்டாம். காலை மட்டும் பார்த்து வையுங்கள்.

முதலில் மூக்குக்குத்தான் வரவேற்பு. நகப்பூச்சை வாளியில் கரைத்துவைத்தது போன்ற பசை நெடி ஒரு பக்கம். சமையலறைக் கதவு இடுக்கால் வரும் வறுத்த மிளகாய் நெடி மறுபக்கம். இரண்டும் நடுக்கராஜில் சந்திக்கிற இடத்தில் நின்று மூன்று தரம் தும்மினேன். "எல்லாரும் அந்த இடத்திலதான் தும்முறவை" என்றார் அண்ணை, பெருமையோடு.

டீப் ஃப்ரீசரின் மேல் வால் சுக்கான் படுத்திருந்தது. அதற்குள்ளே பாரை மீன். இறகு உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் இருபது கிலோ அரிசி மூட்டைகள் முட்டுக்கொடுத்து நின்றன. சுவர்த்தட்டில் நாற்பது ஐம்பது ஜாம் போத்தல்கள், உள்ளே ஆணி, நட், வாஷர். ஒவ்வொன்றிலும் தமிழில் ஒரு துண்டு: "இடது கால்", "வலது கால்", "மூக்கு", "வாசல் பிணைச்சல்". கடைசிப் போத்தலில், "என்னவெண்டு தெரியாது". அந்தப் போத்தல்தான் எல்லாவற்றிலும் பெரியது.

பார்பிக்யூ அடுப்புக்கு இங்கே இடமில்லை. அதையும் கழற்றி ஒரு வாளியில் போட்டு மூலைக்குத் தள்ளியிருந்தார். இந்த வாளியை ஞாபகம் வைத்திருங்கள்.

விமானம் ஒரு பைப்பர் ஜே-3 கப். மஞ்சள் உடம்பு, பக்கவாட்டில் கறுப்பு மின்னல் கோடு, முன்னும் பின்னுமாய் இரண்டு இருக்கை. பழைய சினிமாவில் குட்டி விமானம் ஒன்று வந்தால் அனேகமாக இதுவாகத்தான் இருக்கும். 1930களின் கடைசியிலிருந்து 1947 வரை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லாக் ஹேவன் என்ற சிற்றூரில், ஏறத்தாழ இருபதாயிரம் கட்டினார்கள். கனடாவில் ஹமில்டனிலும் ஒரு தொழிற்சாலை இருந்தது. அண்ணையின் விமானம் 1946இல் அங்கே பிறந்தது. 65 குதிரைவலு எஞ்சின். வெறும் எடை 350 கிலோவுக்குள். இந்தக் கராஜில் முன்பு நின்ற கார் இதைப்போல நான்கு மடங்கு பாரம். கப் என்றால் கரடிக்குட்டி. அக்காவுக்கு வெறும் 'குட்டி'. "குட்டிக்கு இண்டைக்குக் குளிரும், ஹீட்டரைப் போடுங்கோ" என்கிறார், பேரப்பிள்ளையைச் சொல்வதுபோல.

ஒரு பண்ணைக் கொட்டிலில், வைக்கோல் தூசிக்கு அடியில், துணியெல்லாம் கிழிந்து கிடந்ததை வாங்கி, இழுவை வண்டியில் போட்டு, சாம்ப்ளேன் பாலத்தின் மேல் கொண்டுவந்தாராம். பக்கத்தில் போன காரெல்லாம் ஹாரன் அடித்ததாம். "அண்டைக்கு அது போன வேகத்துக்கும் பறக்கிற வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லைத் தம்பி." மிகைதான், ஆனால் சும்மா சொன்னதும் இல்லை. கப்பின் வழக்கமான வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். எதிர்க்காற்று பலமாக அடித்தால் கீழே நெடுஞ்சாலையில் போகிற லொறி முந்திவிடும்.

இனி நான் பார்க்க வந்த காட்சி. விமானம் என்றால் தகரம், ஆணி, சம்மட்டி என்று நினைத்துத்தான் வந்தேன். வந்து பார்த்தால் அயன் பெட்டி!

கப்பின் எலும்புகள் எஃகுக் குழாய். இறகின் விலாக்கள் அலுமினியம். அதற்கு மேலே துணிதான். அந்தக் காலத்தில் பருத்தி, இப்போது பாலியெஸ்டர். பசை வைத்து ஒட்டியதும் அது கசங்கிய வேட்டி மாதிரித் தொளதொளவென்று தொங்குகிறது. அக்கா அயன் பெட்டியை எடுத்துக்கொண்டு வருகிறார். அதன் கைபிடியில் சிவப்பு நாடா, அதில் "குட்டி" என்று எழுத்து. இன்னொரு அயன் பெட்டி உடுப்புக்கு. ஒருமுறை மாறிப்போய், பசை ஒட்டிய பெட்டியால் மகளின் பட்டுச்சேலைக் கரையைத் தேய்த்த கதை அந்த வீட்டில் இன்னும் ஆறவில்லை.

பெட்டியின் அடியில் வெப்பமானியை வைத்து அளக்கிறார். முதல் சுற்று 120 பாகை செல்சியஸ், கடைசிச் சுற்று 175. அதற்கு மேலே போனால் துணி பழுது. மெல்ல, மெல்ல, ஓரத்திலிருந்து நடுவுக்கு. என் கண் முன்னாலேயே சுருக்கங்கள் ஓடி ஒளிகின்றன. பத்து நிமிடம் கழித்து அக்கா விரலால் ஒரு சுண்டு சுண்டினார். டும்! தவில் தோற்றது. நான் ஒரு தட்டுத் தட்டினேன். "காணும், காணும், கச்சேரி வையாதேங்கோ" என்று என் கையைத் தட்டிவிட்டார்.

அடுத்தது தையல். பசை மட்டும் போதாது. காற்று மேலே இழுக்கும்போது துணி விலாவைவிட்டுக் கிளம்பாமல் இருக்க, மெழுகு பூசிய நூலால் விலா விலாவாகத் தைக்கவேண்டும். இறகை நட்டநடுவில் திரைபோல நிமிர்த்திவிட்டார்கள். இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் அண்ணை. ஒரு முழ நீள ஊசி. அக்கா குத்தினால் அண்ணையின் பக்கம் மூக்கு நீட்டும். அவர் இழுத்து, விலாவைச் சுற்றி, திருப்பிக் குத்துவார். இரண்டரை அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் தனித்தனியாக இறுகவேண்டும், ஒன்று அறுந்தாலும் மற்றது பிடிக்க.

ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் மட்டும் துணிக்கு மேலால் போய்வருகிறது.

"இஞ்சேருங்கோ, தங்கச்சியின்ர பெடியனுக்கு என்ன குடுக்கிறது கலியாணத்துக்கு?"

குத்து. இழு.

"போனமுறை அவை எங்களுக்கு என்ன தந்தவை?"

குத்து. இழு.

"நீங்கள் உதைத்தான் கேப்பியள் எண்டு எனக்குத் தெரியும்." இந்த இழு கொஞ்சம் பலமாக வந்தது. அந்தப் பக்கத்தில் "ஆ!" என்று ஒரு சத்தம். நூல் அவர் விரலில் அறுத்துவிட்டது.

"கோவம் வந்தாத்தான் தம்பி முடிச்சு வடிவா விழும்" என்று அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். முப்பது வருடம் ஊர்ச்சனத்துக்குச் சேலைச்சட்டை தைத்த கை. அண்ணை போட்ட முடிச்சுக்களை ஒருமுறை கண்ணாலே தடவிப் பார்த்தார், இரண்டை வெட்டினார், திரும்பத் தைத்தார். அண்ணை வாயே திறக்கவில்லை.

பக்கத்து லோங்குவேயின் பெயரை இங்கே சொல்லாமல் போகமுடியாது. அங்கிருந்த ஃபேர்சைல்ட் விமானத் தொழிற்சாலையில் 1934இல் ஒரு பெண் பொறியாளர் வேலைக்குச் சேர்ந்தார்: எல்சி மக்கில். போலியோவில் கால் பாதித்து ஊன்றுகோலோடு நடந்தவர். பின்னர் ஒன்டாரியோவில் ஹரிக்கேன் போர்விமானங்கள் ஆயிரத்துக்கும் மேலாக உருவான தொழிற்சாலைக்குத் தலைமைப் பொறியாளர். நான் அக்காவிடம் சொன்னேன். "அவவுக்கு வீட்டில சமையல் ஆர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதினொரு மணி. தேநீர். பால் இல்லாத தேநீரை நாங்கள் பிளேன்ரீ என்போம். "பிளேன் வேலைக்குப் பிளேன்ரீ" என்ற பகிடியை அண்ணை அன்றைக்கு முதல்தரம் சொல்வதுபோல் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன், அதனால் பின்னேரத் தேநீருக்கும் அதே பகிடி வந்தது.

பசை பூசுகிற வேளையில் ஹீட்டரை நிறுத்தவேண்டும், ஆவி பற்றிக்கொள்ளும். எல்லோரும் குளிர்ச்சட்டையும் கம்பளித் தொப்பியுமாக, மூக்கு வடிய வடிய நின்றோம். அந்த நேரம் பார்த்துத்தான் வந்து சேர்ந்தார் கிழவர். கெபெக்குவா, எழுபதைத் தாண்டியவர், எஞ்சின் வைத்தியர், கையில் ஒரு பெட்டி டோனட். அவருக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்குப் பிரெஞ்சு அரைகுறை. இருவரும் பத்து நிமிடம் மிளகாய்த்தூளைப் பற்றிப் பேசினார்கள்.

கிழவரின் வாயில் நிமிடத்துக்கொரு தரம் "தபர்னாக்!" இந்த ஊர் வசவுகளெல்லாம் தேவாலயத்துச் சாமான்கள். இது பீடத்தில் நற்கருணை வைக்கிற பேழை. துருப்பிடித்த நட் ஒன்று அசைய மறுத்தபோது பேழை, கிண்ணம், அப்பம் எல்லாம் வரிசையாக இறங்கின. அண்ணையும் சேர்ந்துகொண்டார், ஆனால் அவருடையதில் "முருகா" இருந்தது. எண்ணெய் விட்டார்கள், இருவரும் ஒரே சாவியில் தொங்கினார்கள். மைனஸ் எட்டில் வியர்வை சொட்டியது. கடைசியில் டக்கென்று கழன்றது. யாருடைய தெய்வம் என்று இன்னும் தீர்ப்பாகவில்லை.

இந்தப் பிளேனில் என் மனசு பறிபோனது எதிலென்றால், எரிபொருள் மானியில். கண்ணாடிக்கு முன்னே தாங்கியின் மூடியில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே அதன் நுனியில் ஒரு தக்கை மிதக்கும். பெற்றோல் குறையக் குறையக் கம்பி இறங்கும். அவ்வளவுதான், முழுக் கருவியும்! மின்சாரம் இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை. ஒருவர் முன்னால் நின்று கையாலே விசிறியைச் சுழற்றவேண்டும். தனியாகப் பறக்கிறவர் பின் இருக்கையில் குந்தவேண்டும், இல்லாவிட்டால் சமநிலை பிசகும். "கம்பி நட்டுக்கொண்டு நிண்டா பெற்றோல் இருக்கு. படுத்தா நாங்களும் படுக்கவேணும்" என்றார் அண்ணை.

ஒவ்வொரு கட்டத்திலும் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்கிறார். துணியால் மூடுமுன் எலும்பைப் பார்த்து அவர் தலையாட்டவேண்டும். அவருக்குப் பயந்து கராஜைக் கூட்டுகிறார்கள். ரகசியம் சொல்கிறேன்: கூட்டியதெல்லாம் தையல் மெஷினுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

நடுவில் ஒரு சின்னக் கிளைக்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் விமானம் கட்டுவது பைத்தியம் என்று சொல்லுகிற மச்சான்மார் அண்ணைக்கு நிறைய. அவர்களுக்காக ஒரு பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்: ஜியாகோமோ டாஞ்செலிஸ். சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர். தானே ஒரு விமானத்தை வடிவமைத்து, குதிரைவண்டி கட்டுகிற சிம்சன் கம்பெனியைக் கொண்டு செய்வித்து, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் சனத்துக்கு டிக்கெட் போட்டுப் பறந்து காட்டினார். அதே 1910இன் ஜூலையில், சூயஸ் கால்வாய் புகழ் லெசெப்ஸின் மகன் ஜாக் தெ லெசெப்ஸ் 'ஸ்கராபே' என்ற பிளேரியோ விமானத்தில் மொன்றியல் நகரத்துக்கு மேலாகப் பறந்தார். அந்த ஸ்கராபேயின் மறுவடிவத்தை, சென்-ஆன்-தெ-பெல்வூவில் ஒரு பழைய கல் கொட்டிலில், தொண்டர்கள் கூடிக் கட்டி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஹோட்டல்காரர் கட்டியிருக்கிறார், தொண்டர்கள் கட்டியிருக்கிறார்கள். மச்சான்மார் பேசாமல் இருக்கலாம்.

பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனமும் 1958இல் இதே சாதிக் குட்டி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டது. அமெரிக்க ஏரோன்கா சீஃபை அடியொற்றியது, இதுவும் துணி போர்த்தியது. பெயர்? புஷ்பக்! அதைக் கேட்டதும் அக்கா, "அப்ப ராவணன்ர பிளேனையும் ஆரோ தைச்சிருப்பினம்" என்றார்.

ஜூன் மாதம், சென்-ஜான் கொண்டாட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை, திரும்பவும் அழைப்பு. இந்த முறை கதவு முழுக்கத் திறந்திருந்தது. இறகு பூட்டிப் பார்க்கிற நாள். பூட்டி, பார்த்து, திரும்பக் கழற்றி, ரிஷலியூ ஆற்றுப் பக்கத்துப் புல்தரை ஓடுபாதைக்குக் கொண்டுபோகவேண்டும். பறப்பது அங்கேதான்.

மஞ்சள் என்றால் அப்படியொரு மஞ்சள்! தெருவே வெளிச்சமானது. இறகின் மொத்த நீளம் 35 அடி, வாசற்பாதை அதில் பாதிகூட இல்லை. ஆகவே இடது இறகு அண்டைவீட்டுப் புல்வெளிக்கு மேலே. அதற்கான அனுமதி, முதல்நாளே போன ஒரு தட்டு மட்டன் ரோல்ஸ். நீலக் கொடி கட்டிய வாசல்களிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். நாய்கள் வந்தன. ஒரு சின்னப் பெடியன் ஹெல்மட்டோடு வந்து, "இப்பவே ஏறலாமா?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

இறகை ஐந்து பேர் தூக்கினோம். பாரமில்லை, ஆனால் பயம். கையை அழுத்தினால் துணி பொத்துப்போகும், விட்டால் விழும். கிழவர் வில்லடிக்கிறவர் மாதிரி ஒரு சாவியை ஆட்டி ஆட்டி "டூஸ்மோ! டூஸ்மோ!" என்று கத்துகிறார். மெதுவாக என்று அர்த்தம். அண்ணை உடலுக்குள் தலையை நுழைத்து ஓட்டையைத் தேடுகிறார். வெளியே தெரிவது இரண்டு கால் மட்டும். "மேல! இன்னும் மேல! கீழ! ஐயோ மேல!" என் தோள் நடுங்கத் தொடங்கியது. பிறகு ஒரு மெல்லிய 'சிலிக்'. ஆணி உள்ளே. தெருவே கைதட்டியது. அக்கா மட்டும் ஓடிப்போய்த் தன் தையல் வரிசையைத் தடவிப் பார்த்தார்.

மற்ற இறகும் ஏறியது. தாங்குகம்பிகள் ஏறின. பின்முற்றத்தில் பார்பிக்யூ மூட்டிக் கோழி வாட்டத் தொடங்கியாயிற்று. அப்போதுதான் கிழவர் குனிந்து, வாசற்பாதையில் கிடந்த ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

ஒரு போல்ட். மிஞ்சிய போல்ட்.

ஒருவரும் மூச்சுவிடவில்லை. அண்ணையின் முகம் வெளுத்தது. போத்தல்கள் எல்லாம் வெளியே வந்தன. இடது கால், வலது கால், மூக்கு, வாசல். ஒவ்வொரு மூட்டையும் இரண்டு பேர் விரலால் தொட்டு எண்ணினார்கள். பொறியாளருக்கு போன். நாற்பது நிமிடம். எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் கிழவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது விமானத்து ஆணியே இல்லை, தலையில் அடையாளக் குறி கிடையாது என்றார். அண்ணை அப்படியே புல்லில் குந்திவிட்டார்.

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கராஜ் மூலையில் வெறுமையாக நின்ற வாளியைப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, பார்பிக்யூவைக் காலமை பூட்டினது ஆர்?"

பின்முற்றத்தில் தடாலென்று ஏதோ சரிந்தது. "தபர்னாக்!" என்றபடி கிழவர்தான் முதலில் ஓடினார், கோழியைக் காப்பாற்ற.