பிடரியில் தொடங்கும் மண்டையிடி

திங்கள், புதன், சனி. கோட்டைப்பட்டினம் விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாட்கள் இவை. போனவர்கள் மறுநாள் கரை திரும்பும்வரை வீட்டில் யாருக்கும் முழுத் தூக்கமில்லை. 2021இல் ஜனவரியிலும் அக்டோபரிலும் இங்கிருந்து போன படகுகள் இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கின, உயிர்கள் போயின. அதை மறக்க முடியாத ஊரில், பல்லைக் கடித்தபடி விடியலுக்குக் காத்திருப்பவர்களுக்கு மண்டையிடி வராமல் இருந்தால்தான் வியப்பு.

தலையைச் சுற்றிக் கயிற்றை இறுக்கிக் கட்டியதுபோல, இரண்டு பக்கமும் ஒரே சீராக வலிக்கும். குமட்டாது, நடந்தால் அதிகமாகாது. அரை மணியில் விடலாம், ஒரு வாரமும் நீடிக்கலாம். மருத்துவர்கள் இதை இறுக்கத் தலைவலி என்கிறார்கள். தாடை, பிடரி, தோள் ஆகியவற்றின் தசைகள் இறுகிக் கிடப்பதற்கு இதில் பெரும் பங்குண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் குனிந்து வலை சரிசெய்கிறவரின் கழுத்தை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையை அந்தப் பிடரிதான் மணிக்கணக்கில் இழுத்துப் பிடித்திருக்கிறது.

அதனால் நெற்றியில் தைலம் தேய்ப்பதோடு நிறுத்தாதீர்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பிடரியில் கொஞ்ச நேரம் போடுங்கள். பிறகு மண்டையோடு முடிகிற இடத்தில், நடு எலும்புக்கு இருபுறமும் உள்ள பள்ளங்களில் கட்டை விரல்களை வைத்து, மூச்சை மெல்ல விட்டபடி அரை நிமிடம் அழுத்துங்கள். அங்கிருந்து தோள்மேட்டுக்கு இறங்கி, சதையைப் பிடித்துப் பிடித்து விடுங்கள். கடைசியாக நெற்றிப்பொட்டும் தாடை மூட்டும். பத்து நிமிடம் போதும். சித்த மருத்துவத்தின் தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், முறுக்கல் என ஒன்பது வகை உண்டு. இந்த வலிக்கு அழுத்தலும் பிடித்தலும் போதும் என்பேன். சலூனில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்க மட்டும் விடாதீர்கள். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

மெடிக்கலில் வாங்கும் மாத்திரையைத் தேதிக் காலண்டரில் குறித்து வையுங்கள். சாதாரண வலி மாத்திரையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ என மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், அதுவே தலைவலியைக் கொண்டுவரலாம். காலைச் சாப்பாட்டுக்குப் பதில் டீ, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, நாற்பதைத் தாண்டியும் கண்ணாடி போடாமல் வலை பின்னுவது ஆகியவற்றையும் சரிசெய்ய வேண்டும். இடி விழுந்ததுபோல் திடீரென வந்த வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாய் குழறல், கைகால் தளர்ச்சி, தலையில் அடிபட்டபின் வருவது, கர்ப்பிணிக்குக் கடுமையாக வருவது என்றால் அமுக்கிப் பார்க்க நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரிதான்.

கரைக்கு வந்தவருக்குத் தோளைப் பிடித்துவிட வீட்டில் கை இருக்கிறது. மீன் கூடை சுமந்து விற்றுவிட்டு வந்த பெண்ணுக்குப் பல வீடுகளில் அது இல்லை. பிள்ளைகள் விளையாடும் ரப்பர் பந்து இரண்டைப் பழைய காலுறையில் போட்டு முடிந்து, மல்லாந்து படுத்துப் பிடரிக்கடியில் ஐந்து நிமிடம் வைத்தால் அந்தப் பள்ளங்களில் அழுத்தம் கிடைக்கும். ஆனாலும் வீட்டிலிருப்பவர்களே, நாளை நீங்கள் பிடித்துவிடுங்கள்.