குதிரைக்கு எத்தனை போர்வை?

குளிரை அளப்பதற்கு மனிதன் எப்பொழுதும் தன் உடம்பையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறான். மார்கழிப் பனியில் தமக்கு நடுக்கம் கண்டால், பாட்டிமார் முதலில் செய்யும் காரியம் பேரனுடைய காதைச் சுற்றி மப்ளரைக் கட்டுவதுதான். பேரனாவது, "வியர்க்கிறது, பாட்டி!" என்று சொல்லிவிடுவான். வாயில்லாப் பிராணியாகிய குதிரை என்ன செய்யும்? இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் குதிரை வளர்ப்போருக்குக் குளிர்காலந்தோறும் இதே கவலைதான்.

அந்நாடுகளில் குளிர்காலத்திலும் குதிரைகளை லாயத்திலிருந்து அவிழ்த்துப் புல்வெளியில் விடுவது வழக்கம். மழையும் காற்றும் தாக்காதபடி முதுகின்மீது போர்வையொன்றைப் போட்டு, மார்பிலும் வயிற்றின் கீழும் வார்களால் பூட்டிவிடுவார்கள். முற்காலத்தில் இதற்கென்று கம்பளி உள்வைத்துத் தைத்த கான்வாஸ் போர்வை இருந்தது. 'நியூஜீலாந்துப் போர்வை' என்பது அதன் பெயர். நனைந்துவிட்டால் அதன் பாரம் சொல்லி முடியாது. இந்நாளில் நைலானும் பாலியெஸ்டரும் அதன் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டன.

இப்போர்வைகளை வாங்கப் போகிறவர் இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது 'டெனியர்'. 9,000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் நிறுக்கிறதோ அதுவே அதன் டெனியர். 600 டெனியர் சாதுவான குதிரைக்குப் போதும். வேலியில் உராய்ந்து கிழிக்கும் முரட்டுக் குதிரைக்கு 1,200 அல்லது 1,680 வேண்டும். இரண்டாவது, உள்ளே அடைத்திருக்கும் பஞ்சின் எடை. சதுர மீட்டருக்கு 100 கிராம் வரை இலேசு. 200 கிராம் மத்திமம். 300-க்கு மேல் கனம்.

ஆனால் வானிலை ஒருநாள்போல் மறுநாள் இருப்பதில்லையே! அதற்காகவே அடுக்குப் போர்வை முறை ஏற்பட்டது. பஞ்சில்லாத, நீர் புகாத மேற்போர்வை ஒன்று. 100 கிராமும் 200 கிராமுமாக உட்போர்வைகள் இரண்டு. இரண்டையும் சேர்த்துப் பூட்ட வசதியிருந்தால், 0, 100, 200, 300 என்று நான்குவிதக் கனம் கிடைத்துவிடும். உட்போர்வையை மட்டும் கழற்றித் துவைக்கலாம் என்பது மற்றொரு சௌகரியம். நீர் புகாதது எப்பொழுதும் வெளியில் இருக்க வேண்டும். உட்போர்வை நழுவவோ மடியவோ கூடாது. நடுமார்பிலிருந்து பிருஷ்டத்தின் கோடி வரை அளந்து வாங்காவிட்டால், பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் உராய்ந்து புண்ணாகிவிடும்.

இவ்வளவும் சரி, முதலில் போர்வை வேண்டுமா என்பதல்லவா கேள்வி? சுமார் 5 டிகிரி முதல் 25 டிகிரி சென்டிகிரேடு வரையில் குதிரையின் உடம்பு அதிகச் சிரமமின்றித் தன் உஷ்ணத்தைக் காத்துக்கொள்கிறது. குளிர்கால ரோமம் அடர்ந்து வளர்ந்துவிட்டால், அதைவிடக் கடுங்குளிரையும் தாங்கும். சிலிர்த்து நிற்கும் ரோமத்தினிடையே காற்று தங்கி, அதுவே ஒரு போர்வையாகிறது. தின்ற வைக்கோலும் உலர்ந்த புல்லும் பெருங்குடலில் நொதித்து உஷ்ணம் தருகின்றன. கனத்த போர்வையோ ரோமத்தை அழுத்திப் படியச் செய்துவிடுகிறது. ஆகவே ரோமம் கத்தரித்த குதிரை, கிழக் குதிரை, மெலிந்த குதிரை ஆகியவற்றுக்கே போர்வை மிகவும் அவசியம். கொழுத்த குதிரைக்குப் போர்வைமேல் போர்வை போட்டால், குளிர்காலத்தில் இயல்பாகக் கரைய வேண்டிய கொழுப்பு கரையாமலே நின்றுவிடும். மிதமிஞ்சிய கொழுப்போ குளம்பை நொண்டச் செய்யும் கொடிய நோய்க்கு வழிகாட்டும்.

குதிரையையே கேட்டுவிட்டால் என்ன? நார்வே தேசத்து ஆராய்ச்சியாளர் அதையும் செய்து பார்த்தார்கள். 'போர்வை வேண்டும்', 'எடுத்துவிடு', 'இருப்பதே போதும்' என்று பொருள்படும் மூன்று பலகைகளை மூக்கால் தொட்டுக் காட்ட 23 குதிரைகளைப் பழக்கினார்கள். இரண்டே வாரத்தில் அத்தனையும் கற்றுக்கொண்டன! நல்ல வெயிலில் போர்வையை எடுக்கச் சொல்லின. மழையும் குளிர்காற்றும் சேர்ந்த நாட்களில் பெரும்பாலானவை போர்வையைக் கேட்டன. இம்முடிவுகள் 2016-ல் வெளியாயின.

பலகை இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. காலையும் மாலையும் போர்வைக்கடியில், தோளின் பின்புறம் கையை விட்டுப் பாருங்கள். ஈரமாயிருந்தால் ஓர் அடுக்கைக் குறைக்க வேண்டும். உடம்பு சில்லிட்டிருந்தால் ஒன்றைக் கூட்டுவதோடு வைக்கோலையும் தாராளமாகப் போட வேண்டும். இதமான சூடும் உலர்ந்த ரோமமும் கைக்குத் தட்டுப்பட்டால், குதிரை சௌக்கியமாயிருக்கிறது என்று அறியலாம்.