பழைய கைப்பையின் நிலையறிதல்

தில்லியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழைய பொருளைக் கைமாற்றுவது புதிதன்று. மாற்றல் உத்தரவு வந்த மறுவாரமே மேசையும் நாற்காலியும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பழைய பட்டுப்புடவை ஜரிகைக்காக விலைபோகும். ஜரிகை வாங்குபவர் அதை உரசிப் பார்க்காமல் விலை சொல்வதில்லை. ஆயினும், இக்காலத்தில் பெருவிலைக்குக் கைமாறும் ஒரு பொருளை நாம் உரசிப் பாராமலே வாங்கிவிடுகிறோம். உலகப் புகழ் பெற்ற நிறுவனங்களின் பெயர் பொறித்த கைப்பையே அது.

வசந்த் குஞ்சிலுள்ள எம்போரியோ போன்ற கடைத்தொகுதிகளில் இப்பைகள் புதியனவாக விற்கின்றன. அவற்றுள் பலவற்றின் விலை, நடுத்தரக் குடும்பத்தின் பல மாத வருவாயை விழுங்கக் கூடியது. ஆதலால், ஒருவர் சில காலம் பயன்படுத்திய பையைக் குறைந்த விலைக்கு வாங்க நம்மவர் முன்வருவது இயல்பே. அவ்வாறு வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டுவன யாவை என்பதை இங்குக் காண்போம்.

முதலில் மூன்று கேள்விகளைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். பை உண்மையானதா? எத்தனை ஆண்டு பழையது? இப்போது எந்நிலையில் உள்ளது? ஒன்றுக்கு விடை கிடைத்தால் மற்றவற்றுக்கும் கிடைத்ததாகாது. உண்மையான பையும் உழைத்து ஓய்ந்திருக்கலாம். போலிப் பையும் பளபளக்கலாம். எண் பொறித்திருப்பதே உண்மைக்குச் சான்று எனக் கொள்வதும் தவறு. எண்ணையும் போலியாகப் பொறிக்கலாம் அன்றோ? லூயி விட்டான் நிறுவனமோ 2021ஆம் ஆண்டு முதல் தேதிக் குறியை விடுத்து, கண்ணுக்குத் தெரியாத மின்னணுச் சில்லைப் பையினுள் வைக்கலாயிற்று. ஆகவே குறி இல்லாமையும் போலிக்குச் சான்றாகாது. ஐயமிருப்பின், வல்லுநரிடம் காட்டித் தெளிந்த பின்னரே பணம் கொடுத்தல் நலம்.

இனி நிலையறியும் முறை. பகல் வெளிச்சத்தில், சன்னலருகே பையை வைத்துக்கொள்க. முதலில் நான்கு அடிமூலைகளையும் பார்க்க வேண்டும். தரையிலும் மேசையிலும் உராய்ந்து முதலில் தேய்பவை அவையே. அடுத்தது கைப்பிடி. அதன் விளிம்புப் பூச்சில் வெடிப்பு உண்டா, பையோடு சேரும் இடத்தில் தையல் இற்றிருக்கிறதா என்று நோக்குக. ஒரே பையில் நூலின் நிறம் ஓரிடத்தில் வேறுபட்டால், அங்கே பழுது பார்த்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். வெள்ளைத் துணியால் மறைவான இடத்தை மெல்லத் துடைத்தால், அண்மையில் பூசிய சாயம் துணியில் ஒட்டும்.

தோலின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும். நம் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் முற்காலத்தில் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டமை பலரும் அறிந்ததே. அவ்வாறு மரப்பட்டைச் சத்தால் பதனிட்ட தோல், வெயிலும் கைப்பட்ட எண்ணெய்ப் பசையும் ஏற ஏறத் தேன் நிறம் கொள்ளும். லூயி விட்டான் பைகள் பலவற்றின் கைப்பிடி இவ்வகைத் தோலே. உடல் பகுதியோ பெரும்பாலும் பூச்சிட்ட கித்தான். எனவே கைப்பிடி சீராகக் கறுத்திருந்தால் அது பழைமையின் அடையாளமேயன்றிப் பழுதன்று. திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தால் அது நீர்க்கறை; பழுதுதான்.

இறுதியாக உட்புறம். தில்லியின் கோடை வறட்சி தோலை வெடிக்கச் செய்யும். அதனை அடுத்து வரும் மழைக்காலப் புழுக்கம் பூஞ்சணத்தை வளர்க்கும். பிளாஸ்டிக் உறையில் மூடி அலமாரியில் வைத்த பைக்குப் பூஞ்சணம் பிடிக்கும் வாய்ப்பு மிகுதி. ஆதலால் பையைத் திறந்து முகர்ந்து பார்க்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. சில பைகளில் உட்பூச்சு பிசுபிசுத்து உரிவதும் உண்டு. இவ்விரண்டும் புகைப்படத்தில் தெரியாதவை.

விற்பவருக்கு உரிய கடமையும் ஒன்றுண்டு. “நல்ல நிலை”, “புதிது போல” என்பன வருணனைகள் அல்ல, விற்பவரின் விருப்பங்கள். “இடப்பக்க அடிமூலையில் அரை அங்குலத் தேய்வு, கைப்பிடி சீராகக் கறுத்துள்ளது, உட்புறம் பேனா மைக்கறை ஒன்று, ஜிப் தடையின்றி ஓடுகிறது, வாசனை இல்லை” என்று எழுதுவதே வருணனை. குறை எது, எங்கே, எவ்வளவு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். குறையை முதலிலும் நிறையைப் பின்னரும் சொல்க.

இது நற்குணம் மட்டுமன்று, சட்டமும் ஆகும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 15ஆம் பிரிவில், வருணனையின் பேரில் விற்கும் பொருள் அவ்வருணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. வெளிப்படையாக எழுதாவிடினும் அந்நிபந்தனை ஒப்பந்தத்தில் அடங்கியதே. ஆனால் பொதுவாகத் தரத்தைச் சோதித்தறியும் பொறுப்பை 16ஆம் பிரிவு வாங்குபவர் மீதே வைக்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. ஆகவே வருணனையை எழுத்தில் பெறுவதும், பணம் தருமுன் பையைக் கையில் எடுத்துப் பார்ப்பதும் இன்றியமையாதவை.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்குள் இத்தகைய பொருள்கள் பெரும்பாலும் அறிமுகமானவர் வழியே கைமாறுகின்றன. கரோல் பாக்கில் விற்றவரும் ராமகிருஷ்ணபுரத்தில் வாங்கியவரும் அடுத்த மாதமே ஒரு கோயிலிலோ கல்யாணத்திலோ நேருக்கு நேர் சந்திக்க நேரும். மறைத்த கறை ஒன்று அப்போது விலையை மட்டும் அன்று, இரு குடும்பங்களின் உறவையும் கெடுக்கும். குறையை முன்கூட்டிச் சொன்னவரோ சில ஆயிரம் ரூபாய் குறைவாகப் பெறலாம். ஆனால் அடுத்த முறை அவர் விற்கும் பொருளை எவரும் ஐயத்தோடு உரசிப் பார்க்கமாட்டார்கள்.