கொலோன் மாநகரில் ஒரு நாள்

ஜெர்மனி நாட்டில், ரைன் நதிக்கரையில் அமைந்த தொன்மையான நகரம் கொலோன். உரோமையர் கி.பி. 50-ல் குடியேற்ற நகராக உயர்த்திய ஊர் இது. குடியேற்றம் எனப் பொருள்படும் ‘கொலோனியா’ என்ற இலத்தீன் சொல்லே இன்றும் அதன் பெயராக நிலைத்திருக்கிறது. கிறிஸ்து பிறப்புக் குடிலில் நாம் வைக்கும் மூவரசர்களின் திருப்பண்டங்கள் இங்கேதான் வணங்கப்பெறுகின்றன.

இந்நகரைச் சுற்றிப் பார்க்க நமக்கு நல்ல துணை வாய்த்தது. அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர்தம் துணைவியாரும் காலை முதல் மாலை வரை நம்மோடு நடந்தனர்.

தலைமுறைகளின் பொறுமை

புகைவண்டி நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் பேராலயம் மலைபோல் எதிரே நிற்கிறது. 1248-ஆம் ஆண்டு, அன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று அடிக்கல் நாட்டப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் பணி நின்றுபோயிற்று. முற்றுப்பெறாத தென்கோபுரத்தின்மேல் பாரந்தூக்கும் பொறி ஒன்று ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அப்படியே நின்றதாம். 1842-ல் மீண்டும் தொடங்கிய பணி 1880-ல் நிறைவெய்தியது. கோபுரங்களின் உயரம் 157 மீட்டர். தாம் காணப்போவதில்லை என்று அறிந்தே எத்தனையோ தலைமுறையினர் இதற்காகக் கல் சுமந்தனர்!

பீடத்திற்குப் பின்னே மூவரசர் பொற்பேழை ஒளிர்கிறது. 1164-ல் மிலான் நகரிலிருந்து பேராயர் ரைனால்டு அத்திருப்பண்டங்களைக் கொணர்ந்தார். ஆயினும் அம்மையார் நம்மை நெடுநேரம் நிறுத்தியது, பத்தாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட ஒரு மரச்சிலுவையின் முன்னே. தலை சாய்ந்து உயிர் நீத்த ஆண்டவரின் உருவம் அது. சிறுமியாக இருந்தபோது தாம் செபிக்கக் கற்றது அங்கேதான் என்றார்.

இடிபாடுகளின் அன்னை

1942 மே 30-ஆம் நாள் இரவு ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் இந்நகர்மீது குண்டுமாரி பொழிந்தன. போர் முடிவதற்குள் பழைய நகரின் பெரும்பகுதி கற்குவியலாயிற்று. பேராலயமும் பலமுறை தாக்குண்டது, எனினும் வீழவில்லை. அருகிலிருந்த புனித கொலும்பா ஆலயமோ தரைமட்டமாயிற்று. அந்த அழிவின் நடுவே மாதா சுரூபம் ஒன்று எஞ்சி நின்றது. மக்கள் அதனை ‘இடிபாடுகளின் அன்னை’ என்றழைத்தனர். 1950-ல் அதற்கெனச் சிற்றாலயம் ஒன்று எழுந்தது. நாம் சென்றபோது, கடைத்தெருவின் இரைச்சலிலிருந்து ஒதுங்கிச் சிலர் அங்கே மௌனமாக மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தனர்.

நண்பகல் உணவின் பெயரே ஒரு சிறு மறையுரை: ‘விண்ணும் மண்ணும்’. மரத்தில் பழுக்கும் ஆப்பிள் விண். மண்ணில் விளையும் உருளைக்கிழங்கு மண். இரண்டையும் மசித்து, பொரித்த இரத்தத் தொத்திறைச்சியோடு பரிமாறுகின்றனர்.

காலடியில் பெயர்கள்

பிற்பகலில் ஆசிரியர் தம் தாயார் வளர்ந்த தெருவுக்கு அழைத்துச் சென்றார். ஒரு வீட்டின் முன்னே நடைபாதையில் உள்ளங்கையளவான பித்தளைத் தகடுகள் பதிந்திருந்தன. நாசிகளால் கொண்டுசெல்லப்பட்டோரின் பெயர்களை, அவர்கள் வாழ்ந்த வாசலிலேயே பொறிக்கும் நினைவுக்கற்கள் இவை. 1992-ல் இந்நகர மன்றத்தின் முன்னேதான் இத்தகைய முதற் கல் பதிக்கப்பட்டது. இன்று ஐரோப்பாவின் பல நாடுகளில் காணலாம். குனிந்தாலன்றி எழுத்துக்களைப் படிக்க இயலாது. ஆசிரியர் குனிந்து வாசித்தார்: ஒரு யூதத் தந்தை, தாய், மகள். 1941-ல் கொண்டுசெல்லப்பட்டனர்.

“அந்தச் சிறுமி என் தாயாரோடு விளையாடியவள். என் பாட்டனார் எதிர்வீட்டில் இருந்தார். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர். அன்று காலை அவர் கதவைத் திறந்தாரா, சன்னலை மூடிக்கொண்டாரா? நாங்கள் கேட்டதில்லை. இப்போது கேட்க அவர் இல்லை” என்றார். நாம் மறுமொழி கூறவில்லை.

இந்நகரின் கார்மேல் மடத்தில் 1933-ல் சேர்ந்தவர் எடித் ஸ்டைன். யூத குலத்தில் பிறந்து திருமுழுக்குப் பெற்ற தத்துவப் பேரறிஞர். 1938 இறுதியில் ஹாலந்து நாட்டு மடத்திற்குச் சென்றும் தப்ப இயலவில்லை. 1942 ஆகஸ்டில் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். 1998-ல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

மாலையில் பாலத்தின்வழி மறுகரையான டொய்ட்ஸ் சென்றோம். பாலத்தின் கம்பிவேலி முழுதும் காதலர் மாட்டிய பூட்டுகள். யூதரை ஏற்றிய புகைவண்டிகள் புறப்பட்டது இந்த டொய்ட்ஸ் நிலையத்திலிருந்தே. அங்கிருந்து நோக்கினால் பேராலயக் கோபுரங்கள் நன்கு தெரிகின்றன.

அன்பர்களே! ஆலயம் எழுப்புதல் அரிய பணிதான். ஆனால் ஆலயத்தின் நிழலிலே வாழும் அயலாருக்குத் துன்பம் வரும்போது நம் கதவு திறக்கிறதா, மூடுகிறதா என்பதையே நம் பேரப்பிள்ளைகள் கேட்பர். இறைவனும் கேட்பார்.