முதிய பூனையும் புதிய நாயும்

திருவனந்தபுரத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில் வருகிறது. மழை வலுத்ததும், மதிலிலும் ஓட்டுக் கூரையிலும் உலாவிய வீட்டுப் பூனை உள்ளே ஒடுங்குகிறது. அவ்வேளையில் புதிதாக ஒரு நாயும் வீட்டிற்கு வருமாயின், பூனைக்கு விலகிச் செல்ல இடமில்லாமற் போகிறது.

இளம் பூனையாயின் அலமாரியின் உச்சிக்குத் தாவித் தப்பும். 10 வயதைக் கடந்த பூனைகள் பலவற்றிற்கு மூட்டுத் தேய்வு உண்டு. தாவ இயலாத பூனை சீறும். அல்லது ஒளிந்துகொண்டு உணவை மறுக்கும். உணவு மறுப்பே பெருந்தீங்கு. சில நாட்கள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்புத் தேங்கி உயிருக்கே இடர் நேரலாம். ஆதலின் ஒரு நாள் முழுதும் உண்ணாத பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

முதலில் மணம், பின்னர் பார்வை, இறுதியில் நெருக்கம் என்பதே முறை. நாயைச் சில நாட்கள் தனி அறையில் வைத்து, அது படுத்த துணியைப் பூனை உண்ணும் இடத்திற்குச் சற்றுத் தள்ளி இடலாம். துணியைப் பொருட்படுத்தாது பூனை உண்ணத் தொடங்கியபின், நாயை வாரிற் பிடித்துத் தொலைவிலிருந்து காட்டலாம். நாய் வாலாட்டுவது பெரும்பாலும் நட்பின் குறி. பூனை வாலை வீசியடிப்பதோ சினத்தின் குறி. பெட்டிகளைப் படிபோல் அடுக்கி, நாய்க்கு எட்டாத உயரத்தில் பூனைக்கு உணவும் படுக்கையும் அமைத்தல் நலம்.

இரண்டிற்கும் வெறிநோய்த் தடுப்பூசி முன்னரே போடப்பட்டிருத்தல் இன்றியமையாதது. பழக்கம் ஏற்பட வாரங்களோ மாதங்களோ ஆகலாம். இரண்டும் ஒரே அறையில் அஞ்சாது உறங்குமாயின் அதுவே போதிய வெற்றி, நட்பு கட்டாயமன்று.