தவணைத் தேதியை மறக்காத நாம், உடம்புக்கான தேதியை மறக்கலாமா?



வங்கிக் கடன் தவணை எந்தத் தேதி என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பினாலும் நம்மில் எல்லோரும் சொல்லிவிடுவோம். சந்தா, சேமிப்பு, உள்கடன் வட்டி எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. ஆனால் "கடைசியா எப்போக்கா இரத்தம் பரிசோதனை பண்ணீங்க?" என்று கேட்டால் பலபேர் முழிக்கிறோம். "ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்கு எனக்கு என்ன வந்துச்சு?" என்பதுதான் பதில்.

ஆண்டு முழுவதும் சுகாதார நாட்கள் வருகின்றன. பேனர் பிடித்து ஊர்வலம் போகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம், டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறோம். அதோடு முடிந்துவிடுகிறது. இந்த நாட்களை வேறு விதமாக எப்படிப் பயன்படுத்தலாம் என்று இந்த இதழில் பார்ப்போம்.

ஒரு குழுவில் நடந்தது

நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவின் உறுப்பினர். பெயர் வேண்டாம். மார்பில் சின்னதாக ஒரு கட்டி இருந்தது. வலி இல்லை. மகள் கல்யாணம் முடியட்டும் என்று எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஆபரேஷன், தொடர் சிகிச்சை, குழுவிலும் வெளியிலும் கடன். இன்று தேறி வந்து கூட்டத்தில் உட்காருகிறார். அவர் சொன்னது இதுதான்: "நானா வாயைத் திறக்க வெட்கமா இருந்துச்சு. கூட்டத்துல யாராவது ஒருத்தி கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

நாம் கேட்கவில்லை. இந்தக் கட்டுரைக்குக் காரணமே அதுதான்.

ஜனவரி: கருப்பை வாய்ப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம்

இது பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமியால் வருகிறது. ஆரம்பத்தில் வலி எதுவும் தெரியாது. வாடையுள்ள வெள்ளைப்படுதல், உறவுக்குப் பின் இரத்தக்கசிவு, மாதவிலக்கு நின்ற பிறகும் இரத்தம் படுதல் இருந்தால் உடனே போய்க் காட்ட வேண்டும். 30 வயது தாண்டியவர்கள் ஒன்றும் தொந்தரவு இல்லை என்றாலும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சில நிமிட வேலைதான். புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே கண்டுபிடித்தால் தடுத்துவிடலாம்.

மார்ச் 24: உலக காசநோய் தினம்

1882-ல் இதே நாளில்தான் ராபர்ட் கோக் என்ற மருத்துவர் டி.பி. கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதுவரை பலர் இது பரம்பரை வியாதி என்று நினைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் தரப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய் ஆனது. "இருமல் நின்னுடுச்சு" என்று மாத்திரையைப் பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத டி.பி. ஆகிவிடும்.

ஆகஸ்ட் 1 முதல் 7 வரை: தாய்ப்பால் வாரம்

1992 முதல் நடக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். இதை மருமகளுக்குச் சொல்வதைவிட மாமியாருக்குச் சொன்னால்தான் வேலை நடக்கும். நம் குழுக்களில் மாமியார்கள் நிறைய இருக்கிறோம்!

செப்டம்பர் 1 முதல் 7 வரை: தேசிய ஊட்டச்சத்து வாரம்

2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. அதாவது பத்துப் பேர் உட்கார்ந்த குழுவில் ஐந்து பேர். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு இரத்த அளவு 12, கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக்கூடாது. படியேறினால் மூச்சு வாங்குவதும், தலை சுற்றுவதும், எப்போதும் அசதியாக இருப்பதும் "வேலை ஜாஸ்தி" என்பதால் மட்டும் அல்ல. முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, பயறு, முட்டை, ஈரல் சேர்க்க வேண்டும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் நன்றாகச் சேரும். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். பயந்து நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று. எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம் நம்மோடு போகட்டும். நம் பெண் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம்.

அக்டோபர்: மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம்

மாதவிலக்கு முடிந்த சில நாட்களில் மாதம் ஒருமுறை நாமே தொட்டுப் பார்க்கலாம். கட்டி, தோல் சுருக்கம், காம்பு உள்ளே இழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். "வலிக்கலையே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று விடக்கூடாது. இந்தக் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது. எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஆனால் எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நவம்பர் 14: உலக நீரிழிவு தினம்

இன்சுலின் மருந்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரடெரிக் பாண்டிங் பிறந்த நாள் இது. 30 வயது ஆனவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது சர்க்கரையும் பி.பி.யும் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்களுக்குப் பின்னாலும் வர வாய்ப்பு அதிகம்.

இவை தவிர ஜனவரி 30 தொழுநோய் ஒழிப்பு, ஏப்ரல் 7 உலக சுகாதார தினம், மே 28 மாதவிடாய் சுகாதாரம், மே 31 புகையிலை எதிர்ப்பு, ஜூன் 14 இரத்ததானம், டிசம்பர் 1 எய்ட்ஸ் தினம் ஆகியவையும் உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டத்தில், சேமிப்பு வசூல் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குவோம். அந்த மாதத்துக்குரிய ஒரே ஒரு கேள்வியை ஊக்குநர் எல்லோரிடமும் கேட்கட்டும். "யார் வீட்ல ரெண்டு வாரமா இருமல்?" "யார் இன்னும் இரத்த அளவு பாக்கலை?" கூட்டத்தில் சொல்லக் கூசும் விஷயமாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம். போக வேண்டியவர்கள் தனியாகப் போக வேண்டாம். நாலு பேர் சேர்ந்து ஒரே நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். தீர்மான நோட்டில் "பரிசோதனை செய்தவர்கள் இத்தனை பேர்" என்று எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதும். யாருக்கு என்ன நோய் என்பது குழுவைத் தாண்டிப் போகக் கூடாது.

உங்கள் குழுவின் கடன் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். "மருத்துவச் செலவு" என்று எழுதி வாங்கிய கடன் எத்தனை? அதில் எத்தனை, முன்னாடியே பார்த்திருந்தால் வாங்க வேண்டியிராத கடன்?

அடுத்த கூட்டத்திலேயே ஆரம்பிப்போம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவைக் கேளுங்கள்: "உடம்பு எப்படி இருக்குக்கா? உண்மையைச் சொல்லுங்க."